இலக்கம் நாற்பத்தேழு

"பதினாலு கேள்வி, அக்கா. நான் எண்ணிப் பாத்தனான். ஒரு மனுசன்..."

"எண்ணுறது பெரிய வேலையில்லைத் தம்பி. எங்கட சனத்துக்கு..."

"...ஒரு மனுசன் தன்ர யானை வேலி வேலை செய்யேல்லை எண்டு சொல்ல வாறான். அவனிட்டப் போய் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, கிராம சேவையாளர் பிரிவு..."

"விபரம் இல்லாமல் எங்க கொண்டுபோய் வேலி போடுறது? காத்திலயோ?"

"சரி, அதை விடுங்கோ. குடும்பத்தில எத்தினை பேர் எண்டு ஏன் கேக்கிறியள்? யானைக்குச் சொல்லி அனுப்பவோ?"

அனோஜன் சிரித்துவிட்டான். ஸாஜித் சொன்னது அருந்ததிக்குச் சுடவில்லை. அனோஜன் சிரித்ததுதான் சுட்டது. ஆறு வருசமாக அவனுடைய கந்தோரில் வேலை செய்கிறாள், அவள் சொன்ன எதற்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. கம்பனி என்று சொன்னால் அதுதான். யானை வராமல் வயலைச் சுற்றிக் கரண்ட் கம்பி இழுத்துக் கொடுப்பதும், இழுத்த வேலி பழுதானால் திருத்துவதும் அனோஜனின் தொழில். கீழே கம்பிச் சுருளும் கட்டையும் கிடக்கும். மேலே அருந்ததி இருப்பாள்.

கம்பனிக்கு ஒரு வெப்சைட் இருந்தது. போன மார்கழியில் யாரோ செய்து கொடுத்தது. அதில் "தொடர்புக்கு" என்று ஒரு பக்கம். எட்டு மாசமாக அந்தப் பக்கத்தால் ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்று அருந்ததி சொல்லியிருந்தாள். சனத்துக்கு அதைப் பாவிக்கத் தெரியாது என்றும் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் தெரியக்கூடிய மாதிரி மாற்றுவோம் என்றுதான் அனோஜன் வவுனியாவிலிருந்து ஸாஜித்தைக் கூப்பிட்டான். அவன் காலை பஸ்ஸில் வந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து, லப்டொப்பைத் திறந்த கையோடு பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டான்.

அந்தப் பதினாலு கேள்வியும் அருந்ததியுடையவை. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறின காலத்தில் அவள் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதிவு மேசையில் இருந்தவள். மரத்துக்குக் கீழே மேசை, மேசைக்கு முன்னால் வரிசை. தகரம் வேண்டுமா, கிணறு இறைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம். ஒரு இடமும் வெறுமையாக விடாமல் நிரப்புவாள். அவளுடைய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிரப்பி முடிந்ததும் ஒரு துண்டில் இலக்கம் எழுதிக் கொடுப்பாள். வெப்சைட் செய்தவனிடமும் அதைத்தான் கேட்டு வாங்கினாள். எல்லாப் பெட்டியையும் நிரப்பி அனுப்பினால், "உங்கள் விபரம் பதியப்பட்டது. உங்கள் இலக்கம்" என்று வந்து, பக்கத்தில் இலக்கம் விழும். அதைப் பார்க்க அவளுக்கு ஒரு திருப்தி.

"கந்தோர் போன் நம்பரையும் காணேல்லையே," என்றான் ஸாஜித்.

அதையும் தான்தான் எடுக்கச் சொன்னதாக அவள் சொன்னாள். நம்பர் போட்டால் சனம் இரண்டு தரம் மணி அடித்துவிட்டு வைத்துவிடும், பிறகு கந்தோர்தான் காசு செலவழித்துத் திருப்பி எடுக்கவேணும், ஒரு நாளைக்கு நாற்பது மிஸ்ட் கோல் வந்தால் ஆர் எடுக்கிறது என்று கேட்டாள்.

"அப்ப இது தொடர்புப் பக்கமில்லை. தொடர்பு கொள்ளாதைங்கோ எண்டு சொல்லுற பக்கம்."

அனோஜன் இந்த முறை சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தான். பரந்தனில் ஒருவருக்குக் கட்டை இறக்கவேணும், பின்னேரத்துக்குள் வருகிறேன் என்று எழும்பினான். அவன் படியிறங்குமுன் ஸாஜித் ஒன்று கேட்டான். அனுப்புகிற விபரமெல்லாம் எந்த ஈமெயிலுக்கு வருகிறது, அதையும் ஒருக்கால் திறந்து பார்க்கவேணும், வருகிற வழியே அடைபட்டிருந்தாலும் இருக்கும்.

"அக்காவிட்ட இருக்கு. பாஸ்வேர்ட் அவவுக்கு மட்டும்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு அனோஜன் போனான்.

அருந்ததி அலுமாரியைத் திறந்து கோவைகளைக் கிளறினாள். எங்கேயோ எழுதி வைத்தேன், தேடித் தருகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை. ஸாஜித் மணியைப் பார்த்தான். பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு, வரும்போது சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டான். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

பாஸ்வேர்ட் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது. அது அவளுக்குத் தெரியும்.

அந்த ஈமெயிலைத் தை மாசம் ஒருக்கால் திறந்து பார்த்தாள். அனோஜன் பரீட்சித்துப் பார்க்க அனுப்பின ஒன்று மட்டும் இருந்தது, இலக்கம் ஒன்று. ஏதும் வந்ததா என்று அவன் கேட்டான், ஒண்டும் வரேல்லை என்றாள். அது உண்மை. மாசியில் அறுவடை நேரம், வேலை கூடிப்போய்த் திறக்கவில்லை. அவன் படியேறும்போது கேட்டான், ஒண்டும் வரேல்லை என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு திறக்கப் பயம். திறந்து ஏதும் இருந்தால் சொன்னது பொய்யாகிவிடும். திறக்காமல் விட்டால் பொய்யில்லை. பங்குனியில் அவன் திரும்பக் கேட்டபோதுதான், சனத்துக்குப் பாவிக்கத் தெரியாது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னாள். அதை அவன் உடனே நம்பினதுதான் அவளுக்கே புதினமாக இருந்தது. கதைத்த எல்லாரும் நம்பினார்கள். எங்கட சனத்துக்கு உதொண்டும் தெரியாது என்று சொன்னால் மறுத்துக் கதைக்க ஒருவரும் இல்லை. ஒவ்வொரு மாசமும் சொல்லச் சொல்ல, அவளும் நம்பிவிட்டாள்.

அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு ஈமெயிலைத் திறந்தாள்.

எண்பத்திரண்டு.

முதலில் அது வேறு ஏதும் விளம்பரமாக இருக்கும் என்று நினைத்தாள். ஒன்றைத் திறந்தாள். முத்தையன்கட்டுப் பக்கத்து ஆள். பதினாலு பெட்டியும் நிரம்பியிருந்தன. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். சொந்தத் தொழில் இல்லாதவர் அந்தப் பெட்டியை விடாமல் "இல்லை" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் தற்காலிக முகவரி என்ற இடத்தில் தான் முன்பு இருந்த முகாமின் பெயரையும் வலய இலக்கத்தையும் எழுதி, "இப்போது அங்கு இல்லை" என்று சேர்த்திருந்தார். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து நபீஸா என்ற ஒரு பெண், "இடம்பெயர்ந்து போன புத்தளத்திலிருந்து திரும்பி வந்து ஒன்பது வருடம். இரண்டு பெட்டியிலும் ஒரே முகவரியை எழுதியிருக்கிறேன். பிழை என்றால் தயவுசெய்து திருத்திவிடவும்" என்று எழுதியிருந்தா.

பாவிக்கத் தெரியாத சனம்.

நாற்பத்தேழாவது ஒட்டுசுட்டானிலிருந்து வந்திருந்தது. சிவலட்சுமி. சித்திரை மாசத்துத் திகதி. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற இடத்தில் "நானும் இவரும், ஒரு கிடாரிக் கண்டும்." கடைசிப் பெட்டியில், உங்கள் தேவை என்ன என்று கேட்ட இடத்தில் இப்படி இருந்தது: "வேலிப் பெட்டியில் டிக் டிக் சத்தம் இல்லை. வெளிச்சமும் இல்லை. கம்பியில் கரண்ட் இல்லை என்று யானைகளுக்கு இன்னும் தெரியாது. அதுகளுக்குத் தெரிய முதல் வந்தால் நல்லது."

அருந்ததி அதை இரண்டு தரம் வாசித்தாள். இப்போது ஆவணி. பிறகு பக்கத்தை மேலே தள்ளி, ஓரத்தில் இருந்த சின்னச் சதுரத்தை அழுத்தினாள். எண்பத்திரண்டுக்கும் பக்கத்தில் நீலச் சரி அடையாளம் விழுந்தது. குப்பைத் தொட்டியின் படம் அதற்கு மேலேயே இருந்தது. ஒரு அழுத்து. வழி அடைபட்டிருக்குத்தான் தம்பி, ஒண்டும் வரேல்லை என்று சொல்லிவிடலாம். அவள் விரல் அதன்மேல் இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. படியில் சத்தம் கேட்டதும் தெரியாது.

ஸாஜித் சாப்பாட்டுப் பொதியோடு கதவடியில் நின்றான். திரையைப் பார்த்தான், நீலச் சரிகளைப் பார்த்தான், அவளுடைய கையைப் பார்த்தான். பொதியை மேசையில் மெதுவாக வைத்தான்.

"எண்பத்திரண்டு," என்று வாசித்தான்.

அவன் ஒரு பகிடி விட்டிருந்தால் அவளுக்கு உதவியாக இருந்திருக்கும். காலையிலிருந்து விட்டுக்கொண்டிருந்தவன் இப்போது விடவில்லை.

அவள் கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை மடிப்பைப் பிடித்தாள். ஒரு ஞாயமும் கேட்காதவனுக்கு ஞாயம் சொல்லத் தொடங்கினாள். தலைக்கு மேல் வேலை, அறுவடைக் காலம், தனியாள். கடைசியாக, ஒருத்தரும் இரண்டாந்தரம் எழுதவில்லையே, அவசரம் என்றால் திரும்ப எழுதியிருப்பார்கள்தானே என்றாள்.

"இலக்கம் குடுத்திருக்கிறியள், அக்கா. பேந்து ஏன் எழுதுவினம்?"

அவன் கதிரையை இழுத்துக்கொண்டு இருந்து, தன் கதையைச் சொன்னான். அவனுடைய உம்மாவுக்குப் புத்தளத்தில் வீட்டுத் திட்டத்துக்கென்று பதிந்து ஒரு இலக்கம் கொடுத்தார்களாம். அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருந்தாவாம், பதினொரு வருசம். ஒரு நாளும் போய்க் கேட்கவில்லை. வாப்பா கேட்கச் சொன்னால், எங்கட முறை வரும், இடையில போய் நிண்டால் பேரை வெட்டிப்போடுவாங்கள் என்று சொல்வாவாம்.

"வந்ததோ?" என்று அருந்ததி கேட்டாள்.

"துண்டு இன்னும் இருக்கு," என்றான்.

மரத்தடி மேசையில் அவள் இலக்கம் கொடுக்கும்போது சொல்லுகிற ஒரு வசனம் உண்டு. வரிசை நீளம், எல்லாரும் நாளைக்கும் வந்து கேட்டால் வேலை ஓடாது, அதற்காகச் சொல்வது: "கரைச்சல் குடுக்காமல் இருங்கோ. வந்து வந்து கேட்டால் இலக்கம் பின்னுக்குப் போகும்." அது உண்மையில்லை. ஒருவருடைய இலக்கமும் பின்னுக்குப் போனதில்லை. வாய்க்கு வந்ததை ஒரு நாள் சொன்னாள், வரிசை அமைதியானது, அதனால் அடுத்த நாளும் சொன்னாள். எத்தனை ஊரில் எத்தனை பேருக்குச் சொன்னாள் என்று அவளிடம் கணக்கில்லை.

"அனோஜனுக்கு இதைச் சொல்லாதை, தம்பி."

சொன்ன பிறகுதான் தன் குரலைக் கேட்டாள். தன்னுடைய பிள்ளையின் வயதுக்காரனிடம் கெஞ்சுகிற குரல்.

"நான் பக்கம் செய்ய வந்தனான், அக்கா," என்றான் ஸாஜித். "மற்றது உங்கட கதை." பிறகு லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினான். "இதைச் செய்வம். ஆனால் நீங்கள் சொல்லுங்கோ, நான் அடிக்கிறன். உங்களுக்குத்தான் சனத்தைத் தெரியும்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது குத்தியது.

பதினாலு பெட்டியில் பதினொன்றை எடுத்தார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் போனது, அடையாள அட்டை போனது, இரண்டு முகவரியும் போனது. மிஞ்சினது பேர், போன் நம்பர், என்ன பிரச்சினை. எல்லாவற்றுக்கும் மேலே கந்தோர் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டான், தொட்டவுடன் மணி போகும். இதுக்குக் கீழ என்ன போடலாம் என்று கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்து, "மிஸ்ட் கோல் அடித்தாலும் போதும், நாங்கள் திருப்பி எடுப்போம்" என்று போடச் சொன்னாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு அடித்தான்.

அனுப்பின பிறகு என்ன வரவேணும் என்பதில்தான் நேரம் போனது. இலக்கம் வேண்டாம் என்றாள் அருந்ததி. "பதியப்பட்டது" என்ற சொல்லும் வேண்டாம். நன்றி என்று மட்டும் போட்டால் அதையும் வைத்துக்கொண்டு இருப்பார்கள். அவள் எழும்பி யன்னலடியில் போய் நின்றாள். கீழே யாழ்ப்பாண பஸ் ஒன்று ஆளேற்றிக்கொண்டு நின்றது. அது போன பிறகு திரும்பி வந்து சொன்னாள். அவன் அப்படியே அடித்தான்: "நாளை பின்னேரத்துக்குள் உங்களுக்குப் போன் எடுப்போம். எடுக்காவிட்டால் நீங்கள் எங்களுக்கு எடுங்கோ. திரும்பத் திரும்ப எடுத்தாலும் பிழையில்லை."

நாலு மணிக்கு அனோஜன் வந்தான். கட்டை இறக்கின கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே புதுப் பக்கத்தைப் பார்த்தான். தன்னுடைய போனில் திறந்து பார்த்தான். மிஸ்ட் கோல் வசனத்துக்குச் சிரித்தான். நல்லாயிருக்கு, சின்னப் பிள்ளையும் பாவிக்கும் என்று ஸாஜித்தின் தோளில் தட்டினான்.

"அக்கா சொன்னது சரிதான்," என்றான். "எங்கட சனத்துக்குப் பழசு விளங்கேல்லை. விளங்கியிருந்தால் எட்டு மாசத்தில ஒருத்தராவது எழுதியிருப்பினம்."

ஸாஜித் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் போடவில்லை.

அருந்ததி பேசாமல் இருந்துவிடலாம். ஸாஜித் பின்னேர பஸ்ஸில் போய்விடுவான். நாளையிலிருந்து புதுப் பக்கத்தில் வருகிறவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு, பழைய எண்பத்தொரு பேரை ஆறுதலாக ஒவ்வொருவராகப் பார்க்கலாம். ஒருவருக்கும் தெரிய வராது. அவள் அதுவரைக்கும் யோசித்தாள். யானைகளுக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருந்தது நினைவு வந்தது.

"விளங்கினது," என்றாள்.

"என்னக்கா?"

"சனத்துக்கு விளங்கினது. எழுதினவை. நான் திறக்கேல்லை."

மிச்சத்தை நின்றபடியே சொன்னாள். மாசி, பங்குனி, சித்திரை என்று மாசத்தை ஒழுங்காகச் சொன்னாள், படிவத்துக்கு விபரம் கொடுக்கிற மாதிரி. அழிக்கப் பார்த்ததையும் சொன்னாள். அதை ஸாஜித் சொல்லியிருக்கமாட்டான், அவள்தான் சொன்னாள்.

அனோஜன் கதிரையில் இருந்து, பழைய விபரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தான். நேரம் போனது. அவள் நின்றுகொண்டிருந்தாள், இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. ஏசுவான் என்று பார்த்தாள். ஏசினால் அழுதுவிட்டு முடித்துவிடலாம்.

"ஒவ்வொரு மாசமும் கேட்டனான்," என்றான் கடைசியில்.

"ஓம்."

"அருந்ததியக்காட கையில குடுத்தால் நான் திரும்பிப் பாக்கத் தேவையில்லை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்."

அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னான். இவ்வளவு காலமும் அந்தச் சொல்லை வைத்துத்தான் அவள் அந்தப் படியில் தலை நிமிர்ந்து ஏறி இறங்கினாள்.

பிறகு கந்தோர் போனை அவள் பக்கம் தள்ளினான். தான் எடுக்கப்போவதில்லை என்றான். எண்பத்தொரு பேருக்கும் அவளே எடுக்கவேணும், அவளுடைய வாயாலேயே சொல்லவேணும். நாளைக் காலையிலிருந்து ஆட்களை அனுப்புவது தன்னுடைய பாடு. எந்த ஒழுங்கில் எடுப்பது என்று அவள் கேட்டாள். வேலி செத்துப்போய்க் கிடக்கிறவர்களை முதலில் பார்ப்போம், புதிதாகப் போடக் கேட்டவர்கள் பிறகு என்று ஸாஜித்தான் மெதுவாகச் சொன்னான். அப்படிப் பார்த்தால் நாற்பத்தேழு முதலில் வந்தது.

அவள் எடுத்தாள், மணி நாலைந்து தரம் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொல்லி அனோஜன் கையால் காட்டினான்.

"ஆர்?"

அருந்ததி கம்பனியின் பேரைச் சொன்னாள். யானை வேலி விசயமாக எழுதியிருந்தீங்கள் என்றாள்.

"என்ர இலக்கம் வந்திட்டுதோ?" குரல் அப்படியே ஏறியது. போனை வாயிலிருந்து எடுக்காமலே வேலிக்கு அங்கால் யாரையோ கூப்பிட்டா. "சாரங்கா, பிள்ளை, இஞ்ச வா. எங்கட இலக்கம் வந்திட்டுது. நான் சொன்னனான்தானே."

சாரங்கா பக்கத்து வீடாம். அவள்தான் போனில் எல்லாம் நிரப்பிக் கொடுத்தவள். சிவலட்சுமி ஊர்ப் புதினம் சொல்லுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னா. கம்பனி நம்பர் இவருடைய போனில் இருந்ததாம், அந்தப் போன் தண்ணி அள்ளும்போது கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம். யானைகளுக்கு வைகாசியில் தெரிந்துவிட்டதாம். வாழை அந்த மாசமே போனது. ஆனியில் முப்பது தென்னங்கண்டு, குருத்தோடு. இப்போது சிறுபோக நெல் வெள்ளாண்மை பழுத்து வருகிறது, அதைக் காப்பாற்ற இவரும் தானும் மாறி மாறிக் காவல் கொட்டிலில் இருந்து தகரம் தட்டுகிறார்களாம். இவருக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு, அதனால் கூடுதலாகத் தான்தான். தட்டித் தட்டித் தகரமே ஓட்டையாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தா.

ஏன் திரும்ப எழுதவில்லை என்று அருந்ததி கேட்கவில்லை. அவ தானாகவே சொன்னா.

"சாரங்கா ரெண்டு தரம் சொன்னவள், திருப்பி எழுதுவமெண்டு. நான் விடேல்லை. கரைச்சல் குடுத்தால் இலக்கம் பின்னுக்குப் போகுமெல்லோ. எனக்குத் தெரியாதோ உந்த வழக்கம்? கலண்டரில எழுதிப்போட்டுப் பேசாமல் இருந்தனான்."

அனோஜன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஸாஜித் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா," என்றாள் அருந்ததி. "நாளைக்குக் காலமை ஆக்கள் வருவினம். ஆனால் நான் ஒண்டு சொல்லவேணும். பிழை எங்கட... என்ர பிழை. நான்..."

"என்ன பிழை? ஒரு பிழையுமில்லை. இத்தினை பேருக்குள்ள என்னை மறக்காமல் எடுத்தியளே, அது காணும்." மூச்சு வாங்கினா. சந்தோசத்தில் படபடப்பாக இருந்திருக்கவேணும். "நீங்களும் பாவம், எத்தினை பேரைப் பாக்கிறது. நான் தகரம் தட்டேக்க அவையளைத்தான் நினைக்கிறனான், எனக்கு முதல் எழுதினவைக்கு எவ்வளவு கரைச்சலோ எண்டு. எனக்கு முன்னால இருந்த நாப்பத்தாறு பேருக்கும் வேலி சரியாக்கிக் குடுத்திட்டியளோ, பிள்ளை?"